அர்ஜென்டினாவைக் காணோம்

“சார், அர்ஜென்டினாவக் காணோம்.”

துப்பறியும் பீமாராவ் பேனாவை மூடி வைத்தார். காணாமல் போன ஆட்டைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் அவர். ஆட்டைத் திருடியவனையும், அவனை ஒளித்து வைத்திருந்த மாமனாரையும் கண்டுபிடித்தவர். காணாமலே போகாத ஒரு கணவனைக்கூட ஒரு முறை கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறார். ஆனால் ஒரு நாட்டைத் தேடித் தரும்படி செஞ்சியில் இதுவரை யாரும் அவரிடம் வந்ததில்லை.

பஸ் நிலையத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்தது அவருடைய அலுவலகம். படியேறி வந்தவர் பட்டு வேட்டி கட்டியிருந்தார். நெற்றியில் சந்தனம், கண்ணில் தண்ணீர். இது கல்யாண வீட்டு ஆளா, கருமாதி வீட்டு ஆளா என்று பீமாராவால் உடனே தீர்மானிக்க முடியவில்லை.

“கடைசியா எங்க சார் பாத்தீங்க?” என்றாள் உதவியாளர் மோனிகா, மடிக்கணினியில் இருந்து தலையைத் தூக்காமல். “பிரேசிலுக்குப் பக்கத்துலயா?”

“ஆமாம்மா! பிரேசிலுக்கும் மெக்சிகோவுக்கும் நடுவுல. ஒனக்கு எப்டித் தெரியும்?”

மோனிகா தலையைத் தூக்கினாள்.

விஷயம் இதுதான். வந்தவர் பெயர் அப்பாண்டைநாதன். திருவண்ணாமலை ரோட்டில் நெல் மண்டி வைத்திருப்பவர். நெல் வியாபாரம் அவருக்குத் தொழில், கல் அவருக்கு உயிர். உலகத்தின் எந்த மூலையில் அகேட் கல் கிடைத்தாலும் வரவழைப்பார். கரடுமுரடாக வரும் கற்களைச் சாணைப்பொடியோடும் தண்ணீரோடும் ஒரு ரப்பர் உருளையில் போட்டு மூடி, மெஷினில் வைத்து உருளவிடுவார். இரவு பகல் பாராமல் வாரக் கணக்கில் உருண்டால் கல் கண்ணாடி போல வெளியே வரும். எந்தக் கல்லையும் கல் என்று சொல்லமாட்டார், பிறந்த நாட்டின் பெயரைத்தான் சொல்லுவார். “மொராக்கோவுக்கு இன்னும் மெருகு ஏறல” என்பார். “போட்ஸ்வானா ஓரத்துல சில்லு போச்சு” என்று ஒரு வேளை சோற்றைத் தள்ளிவைத்தும் இருக்கிறார்.

“அர்ஜென்டினா என்னுது இல்ல சார்,” என்றார் அப்பாண்டைநாதன். “அதான் பிரச்சனையே. எங்க சம்பந்தியோடது. அனந்தபுரம் தரணேந்திரன். அவருக்கும் இந்தப் பைத்தியம் உண்டு. வாட்ஸ்அப் குரூப்ல பழக்கம். ‘தென்னாற்காடு அகேட் அன்பர்கள்’னு.”

“எத்தினி மெம்பர் சார்?” மோனிகா.

“ரெண்டு பேரு. நானும் அவரும்.”

“அட்மின்?”

“ரெண்டு பேருமேதான்.”

அந்தக் குழுவில் கல்லைப் பற்றிப் பேசிப் பேசி, ஒரு நாள் பேச்சு பிள்ளைகள் பக்கம் திரும்பியிருக்கிறது. அப்பாண்டைநாதனின் மகள் கிருத்திகாவுக்கும் தரணேந்திரனின் மகன் சதீஷுக்கும் இன்று சாயங்காலம் நிச்சயதார்த்தம். பொழுது சாய்வதற்குள் சாப்பாடு முடிய வேண்டிய ஜைனக் குடும்பம் என்பதால், நாலு மணிக்கே தட்டு மாற்றுவதாக ஏற்பாடு.

“சம்பந்தி வீட்டம்மாவுக்குக் கல்லுன்னாலே ஆகாது சார். ‘சுத்தி மலை மலையாக் கெடக்குதே, இதுக்கு மேல இன்னாத்துக்குக் கல்லு’ன்னு கேக்கறாங்க.”

பீமாராவ் ஜன்னல் வழியே பார்த்தார். ராஜகிரிக் கோட்டை மலை நின்றிருந்தது. அந்த அம்மாள் கேட்டதில் அவருக்குத் தவறு எதுவும் தெரியவில்லை.

“அவருக்கு இந்தப் பழக்கம் இருக்கறதே அவங்களுக்குத் தெரியாது. கல்ல ஒளிச்சு வெச்சிருந்த எடத்துல ஏதோ ரிப்பேரு வேல நடந்துச்சுன்னு எங்கிட்ட குடுத்து வெச்சாரு. இன்னிக்குத் தட்டு மாத்தறப்ப, வெத்தலைக்கு அடியில பொட்டலமா வெச்சுக் குடுத்துடணும். பொண்டாட்டி கண்ணுல படாம எடுத்துக்குவாரு. காலைலகூட போன் பண்ணி, ‘கல்லு வந்தாத்தான் தட்டு நகரும்’னாரு. வெளையாட்டுக்குச் சொல்ற ஆளு இல்ல சார் அவரு. எம் பொண்ணு வாழ்க்க சார்!”

“பெட்டியில வெச்சுப் பூட்டாம, வெளிய ஏன் வெச்சீங்க?”

அப்பாண்டைநாதன் தலையைக் குனிந்தார். “ஷோகேஸ்ல தென் அமெரிக்கா பக்கம் காலியா இருந்துச்சு சார்.”

*

வீட்டு வாசலில் வாழை மரம் கட்டி, பந்தல் போட்டிருந்தார்கள். நடுக்கூடத்தில் ஆளுயரக் கண்ணாடி ஷோகேஸ். உள்ளே நீல வெல்வெட் துணியில் உலகம் முழுவதும் வரிசையாக உட்கார்ந்திருந்தது. சாம்பலில் வெள்ளைக் கோடு ஓடிய போட்ஸ்வானா, கருஞ்சிவப்பில் வளையம் வளையமாக மெக்சிகோ, பச்சைப் பாசி படிந்தது போல நம்ம நர்மதைக் கல். பிரேசிலுக்கும் மெக்சிகோவுக்கும் நடுவில் ஒரு பள்ளம்.

“இது நெருப்பு அகேட் சார்,” என்று ஒரு கல்லைக் காட்டினார் அப்பாண்டைநாதன். “திருப்பினா உள்ள தணல் ஓடும். இங்க இருக்கறதுலயே வெல ஒசந்தது இதான்.”

“அத யாரும் தொடல,” என்றார் பீமாராவ்.

“தொடல.”

“அர்ஜென்டினா எப்டி இருக்கும்? இதப்போல பளபளன்னா?”

“அய்யய்யோ! அது உருளவே போடாத கல்லு. அறுக்கவும் இல்ல. உள்ள இன்னா இருக்குதுன்னு யாருக்கும் தெரியாது. சம்பந்தி அத எத்தினியோ வருஷமா கையில வெச்சுப் பாத்துக்கினே இருக்காரு. அறுக்கலாம்னு போவாரு, மனசு கேக்காது, திரும்பி வந்துடுவாரு.”

சமையல்கட்டில் இருந்து அவருடைய மனைவி ஜெயமாலா வந்தார். கையில் கரண்டி. “சார், அந்த உருளையிலதான் போட்டிருப்பாரு. போட்டுட்டு மறந்திருப்பாரு. போன மாசம் என் மோதரத்தப் போட்டவரு இவரு.”

“அது பளபளப்பா வந்துச்சா இல்லியா?”

“கல்லு பளபளப்பா வந்துச்சு. மோதரம் எங்க?”

பின்கட்டில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஈர மணலை யாரோ ஓயாமல் அள்ளிக் கொட்டுவது போன்ற ஓசை. பீமாராவ் சுவிட்சில் கை வைத்ததும் அப்பாண்டைநாதன் கண்ணை மூடிக்கொண்டார். பாதி வேக்காட்டில் சோற்றுப் பானையைத் திறக்கச் சொன்னால் ஒரு சமையல்காரர் படும் வேதனையைப் போல ஐந்து பங்கு அந்த முகத்தில் தெரிந்தது. உருளையைத் திறந்தார்கள். சாம்பல் நிறச் சேற்றில் கைவிட்டு ஒவ்வொரு கல்லாக எடுத்துக் கழுவினாள் மோனிகா. மொராக்கோ இருந்தது, மடகாஸ்கர் இருந்தது. அர்ஜென்டினா இல்லை. மோதிரமும் இல்லை.

அப்போது பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது.

மெஹந்தி காயாத கைகளைத் தூக்கிப் பிடித்தபடி கிருத்திகா வந்து நின்றாள். “நைனா, கல்லு கெடைக்கலன்னா நான் இந்த மெஷினுக்குள்ளயே ஏறி உக்காந்துக்குவேன். சதீஷ் வேற ‘கெடச்சிச்சா, கெடச்சிச்சா’ன்னு மெசேஜ் போட்டுக்கினே இருக்காரு. அவங்கப்பா அங்க சட்டை மாட்டும்போதே கேட்டாராம், ‘பொட்டலம் எந்தப் பக்கம் வெப்பாங்க’ன்னு.”

கேலியாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது உதடு துடித்தது. மோனிகா முதல் தடவையாக ஜோக் எதுவும் சொல்லாமல், சேற்றுக் கை படாதபடி, அவள் தோளில் முழங்கையால் ஆறுதலாக இடித்தாள்.

பீமாராவ் ஷோகேஸுக்குத் திரும்பி வந்தார். எந்தக் கேஸையும் படிப்படியாகத்தான் பார்ப்பார், படி இல்லாத இடத்தில் காலை வைக்கமாட்டார்.

“மோனிகா, கல்லப் பத்தி எதுவும் தெரியாத திருடன் எத எடுப்பான்?”

“பளபளன்னு இருக்கறத.”

“கல்லப் பத்தித் தெரிஞ்ச திருடன்?”

“அந்த நெருப்புக் கல்ல.”

“வந்தவங்க ரெண்டையும் உட்டுட்டு, இருக்கறதுலயே அசிங்கமானத எடுத்திருக்காங்க. அப்டின்னா எடுத்தவங்க அதக் கல்லாவே பாக்கல.”

“வேற என்னவாப் பாத்தாங்க?”

“அதான் கேள்வி. சார், போட்டோ இருக்குதா?”

அப்பாண்டைநாதன் கைப்பேசியை நீட்டினார். மோனிகா வாங்கிப் பார்த்தாள். பெரிதாக்கிப் பார்த்தாள். சாய்த்துப் பார்த்தாள். மண் ஒட்டிய பழுப்புத் தோல், அங்கங்கே சின்னக் குழி, ஒரு பக்கம் லேசான புடைப்பு.

“சார், இது உருளக்கெழங்கு.”

“ஏம்மா, அது அர்ஜென்டினாம்மா!” அப்பாண்டைநாதனுக்குக் கோபம் வந்துவிட்டது.

“அர்ஜென்டினா உருளக்கெழங்குன்னு வெச்சுக்கலாம் சார். வாரச்சந்தையில கூறு கட்டி வெச்சா நானே பொறுக்கி எடுப்பேன். நாள்பட்டதுன்னு வெல கொறச்சுக் கேப்பேன்.”

“நல்லா சொன்னம்மா!” என்றார் ஜெயமாலா, கரண்டியை ஆட்டிக்கொண்டு. “எங்க வீட்ல போயி உருளக்கெழங்கா? எங்க மாமியாரு காலத்துலருந்து கெழங்குன்னு எதுவும் இந்த வாசப்படி தாண்டினதில்ல. மண்ணுக்கு அடியில வெளையறத நாங்க சாப்டறதில்ல. இன்னிக்கு விருந்துக்குக்கூட வாழக்கா, அவரக்கா, பூசணிதான்.”

“உருள வேரு இல்லம்மா, தண்டு,” என்றாள் தாவரவியல் படித்த மோனிகா.

“மோனிகா,” என்றார் பீமாராவ், “அத இந்த வீட்ல, இன்னிக்கு, சொல்லாத.”

சொல்லிவிட்டு அப்படியே நின்றார். பக்கத்து வீட்டில் குக்கர் மறுபடியும் விசில் அடித்தது.

“கெழங்கே நொழையாத வீடு,” என்று மெல்லச் சொன்னார். “நிச்சயதார்த்தத்து அன்னிக்கு, நடுக்கூடத்துல, வெல்வெட்டு மேல, கண்ணாடிக்குள்ள ஒரு உருளக்கெழங்கு. பாக்கறவங்க இன்னா நெனப்பாங்க?”

“வேண்டுதலுன்னு நெனப்பாங்க,” என்றாள் மோனிகா.

“இந்த வீட்டு மேல அக்கற உள்ளவங்களா இருந்தா பதறிப் போவாங்க. ‘அடப்பாவமே, சம்பந்திக்காரங்க கண்ணுல பட்டா மானம் போயிடுமே’ன்னு யாருக்கும் தெரியாம அப்புறப்படுத்துவாங்க. மோனிகா, இது திருட்டு இல்ல. உபகாரம்.”

அப்பாண்டைநாதன் வாயைப் பிளந்தார்.

“எடுத்தவங்க அத இன்னா பண்ணியிருப்பாங்க? சாப்டற பண்டத்தக் குப்பையில போட மனசு வராது. கெழங்கு சாப்டற வீடா பாத்துக் குடுத்திருப்பாங்க. பக்கத்துல யாரு இருக்காங்க?”

“இந்தப் பக்கம் குஞ்சம்மா வீடு. காலைல இங்க வந்து பூ கட்டிக் குடுத்துட்டுப் போனாங்க.”

இன்னொரு விசில் கேட்டது. வந்ததில் இருந்து அது ஓயவே இல்லை. சோறு வேக இவ்வளவு விசில் தேவையில்லை. பருப்பு இந்நேரம் கரைந்தே போயிருக்கும்.

“சார்,” என்றாள் மோனிகா, “அந்த வீட்ல ரொம்ப நேரமா இன்னாவோ வேவ மாட்டேங்குது.”

*

நான்கு பேரும் ஓடினார்கள். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் ஓடியவர் அப்பாண்டைநாதன்.

குஞ்சம்மாள் சமையலறையில் வியர்த்து நின்றிருந்தார். குக்கரைத் திறந்து, இடுக்கியால் எதையோ தூக்கிப் பிடித்திருந்தார். ஆவி பறந்தது.

“வாங்கண்ணே, வாங்க! இந்த அநியாயத்தப் பாருங்க. தோலு சீவப் போனா கத்தி மொன ஒடஞ்சிட்டுது. சரி, வேக வெச்சு உரிச்சுக்கலாம்னு பாத்தா, காஸ் தீந்துதான் போவும்போல இருக்குது, இது வேவற வழியக் காணோம். பெரிய வீட்டுக் கெழங்கு, பெங்களூர்லருந்து வந்திருக்கும்னு நெனச்சேன்.”

“அர்ஜென்டினா!” என்று அலறினார் அப்பாண்டைநாதன்.

“அங்கருந்தா வந்துச்சு? அதான் இந்த அழுத்தம்.”

“அக்கா, அப்டியே கீழ வைங்க,” என்றார் பீமாராவ். “மெதுவா.”

“இருங்க சார், சுடுது. தண்ணி காட்டிட்டுத் தரேன்.”

“அக்கா, வேணாம்!” என்று மோனிகா பாய்வதற்குள், குஞ்சம்மாள் குழாயைத் திறந்துவிட்டார்.

டப்.

சத்தம் சின்னதுதான். கல் இரண்டாகப் பிளந்து தொட்டியில் விழுந்தது. அப்பாண்டைநாதன் பக்கத்தில் இருந்த கிரைண்டர் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

 பீமாராவ்தான் கேட்டார், தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறதே. “அக்கா, இத ஒங்களுக்கு யாரு குடுத்தாங்க?”

“காலைல ஒரு அம்மா வந்தாங்களே, அரக்குல பட்டு கட்டிக்கினு. கைக்குட்டையில சுத்தி எங்கிட்ட குடுத்துட்டு, ‘இத இந்த வீட்ல பாத்தேன்னு யாருகிட்டயும் சொல்லாதம்மா, நல்ல குடும்பம், ஏதோ நாக்கு ருசி, பொண்ணு தங்கமான பொண்ணு’ன்னு சொல்லிட்டுப் போனாங்க.”

ஜெயமாலாவின் கையில் இருந்த கரண்டி கீழே விழுந்தது.

“அரக்குப் பட்டா? ராஜமதி அம்மா! காலைல நிச்சயப் பொடவ குடுக்க வந்தாங்க!”

“யாரு அது?” என்றாள் மோனிகா.

“சம்பந்தியோட சம்சாரம்!”

கல்லைக் கொடுத்து வைத்தவர் தரணேந்திரன். எடுத்துக்கொண்டு போனவர் அவருடைய மனைவி. தன் வீட்டுக்காரருடைய சொத்து என்று தெரியாமலே, வரப்போகும் மருமகளின் மானத்தைக் காப்பாற்ற எண்ணி அடுத்த வீட்டுக் குழம்புக்கு அனுப்பி வைத்திருக்கிறார். அவரிடம் போய் எதையும் கேட்க முடியாது. கேட்டால் கணவர் மாட்டிக்கொள்வார். கேட்காவிட்டால் தட்டு நகராது. பீமாராவின் தொழிலில் திருடரைக் கண்டுபிடித்த பிறகு கேஸ் இத்தனை மோசமானது இதுவே முதல் முறை.

“நைனா,” என்றது வாசலில் இருந்து கிருத்திகாவின் குரல். “அவங்க வேன் வந்துட்டுது.”

அந்தக் குரலைக் கேட்டதும் அப்பாண்டைநாதன் எழுந்தார். தொட்டியில் கைவிட்டு இரண்டு துண்டுகளையும் எடுத்தார். திருப்பினார். பிறகு மூச்சுவிட மறந்து போனார்.

பழுப்புத் தோலுக்கு உள்ளே இரத்தச் சிவப்பும் மஞ்சளும் வெள்ளையுமாகக் கோடுகள். மூலை மூலையாக மடங்கி, ஒன்றுக்குள் ஒன்றாக, மதிலுக்குள் மதிலாக ஓடி, நடுவில் ஒரு சின்னப் பளிங்குக் குளத்தில் போய் முடிந்தன.

“கோட்டை அகேட்டு,” என்று கிசுகிசுத்தார். “கோட்டச் சொவரு மாதிரி கோடு வந்தா அப்டிச் சொல்லுவாங்க. குஞ்சம்மா, ஒரு சொட்டு தேங்கா எண்ண குடும்மா. எண்ண தொட்டா மெருகு போட்ட மாதிரி இருக்கும்.”

*

கூடம் நிறைய உறவினர்கள். பீமாராவும் மோனிகாவும் மண்டிக்குத் தெரிந்தவர்கள் என்ற பெயரில் தூண் ஓரமாக நின்றார்கள். தட்டு கை மாறத் தொடங்கியது. தரணேந்திரன் குட்டையான மனிதர். வெற்றிலைக்கு அடியில் அவருடைய விரல்கள் பொட்டலத்தைத் தேடிப் பிடிப்பதைப் பீமாராவ் பார்த்தார். பிடித்த விரல்கள் தடவின. ஒன்றுக்கு இரண்டாகத் தட்டுப்பட்டது. அந்த முகத்தில் இருந்த இரத்தம் எல்லாம் எங்கேயோ இறங்கிப் போனது. தட்டு அந்தரத்தில் நின்றது. கிருத்திகா கண்ணை மூடிக்கொண்டாள்.

தாங்க முடியாமல், இருநூறு பேர் பார்க்க, மனைவி பக்கத்தில் நிற்க, தரணேந்திரன் பொட்டலத்தைப் பிரித்துவிட்டார்.

எத்தனையோ வருடமாக அறுக்கத் துணியாத கல், உள்ளே என்ன இருக்கிறது என்று அவரிடம் சொன்னது. அவருடைய கண்கள் நிறைந்துவிட்டன.

“இன்னாங்க அது?” என்றார் ராஜமதி.

தரணேந்திரன் மனைவியைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். மறுபடி மனைவியைப் பார்த்தார். 

“தெரியலியே. சம்பந்தி... இது இன்னா கல்லு? எங்க வாங்கினீங்க?”

அப்பாண்டைநாதன் நெற்றியைத் துடைத்ததில் சந்தனம் கலைந்தது. “இதுங்களா... அர்ஜென்டினாவுலங்க.”

“ரெண்டும் அப்டியே ஜோடியா இருக்குதே!” என்றார் ராஜமதி. கல் பிடிக்காத அந்த அம்மாள் இரண்டு துண்டுகளையும் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “பொண்ணுக்கு ஒண்ணு, புள்ளைக்கு ஒண்ணுன்னு வெச்சிருக்கீங்களா? நல்ல மனசுங்க ஒங்களுக்கு. எங்க வீட்ல இதெல்லாம் யாருக்குத் தெரியுது?” என்று ஒன்றைக் கிருத்திகாவின் கையிலும் மற்றதைச் சதீஷின் கையிலும் வைத்து மூடினார். தரணேந்திரனின் கல், தரணேந்திரன் கண் எதிரேயே, தரணேந்திரனுடையது இல்லாமல் போனது. அவர் கைதட்டினார். வேறு என்ன செய்வார்?

தட்டு மாறி முடிந்ததும், ராஜமதி ஜெயமாலாவை ஓரமாக இழுத்துப் போனார். தூண் ஓரத்தில் நின்றிருந்த பீமாராவுக்கு எல்லாமே கேட்டது.

“அண்ணி, கண்ணாடிக்குள்ள இருந்தத நான்தான் எடுத்துட்டேன். தப்பா நெனைக்காதீங்க. யாருக்குத்தான் ஆச இல்ல? இனிமே சமையக்கட்டுலயே மறைச்சு வைங்க.”

மாமியார் காலத்துப் பெருமை முழுவதும் ஜெயமாலாவின் தொண்டையில் வந்து முட்டியது. மணையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்த மகளைப் பார்த்தார். முட்டியதை விழுங்கினார்.

“சரிங்க அண்ணி. எப்பவாவது ஒண்ணுதான்.”

பந்தியில் வாழைக்காய் வறுவல் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். பீமாராவ் நழுவி வெளியே வந்து செருப்பை மாட்டினார். பின்னால் வளையல் சத்தம் கேட்டது. ராஜமதி.

“சார், நீங்க துப்பறியறவராமே, குஞ்சம்மா சொன்னாங்க. எனக்கு ஒரு வேல ஆவணும்.” சுற்றிலும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “எங்க வீட்டுக்காரரு ஞாயித்துக்கெழம ஆனா மேல்சித்தாமூர் மடத்துக்குப் போறன்னு கெளம்பிடறாரு. போறப்ப மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு போறவரு, வர்றப்ப வேட்டி முழுக்க மண்ணோட, பத்து வயசு கொறஞ்சாப்ல சிரிச்சிக்கினு வர்றாரு. மடத்துக்குப் போயிட்டு வர்றவங்க யாரு சார் அப்டி சிரிக்கறாங்க? பனமல ஏரிப் பக்கம் அவரு வண்டியப் பாத்ததா வேற சொல்றாங்க. நீங்க பின்னாடியே போயிப் பாத்து எனக்குச் சொல்லணும்.”

அவருக்குப் பின்னால், வாசல் வாழை மரத்தை ஒட்டி, தரணேந்திரன் நின்றிருந்தார். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, சந்நிதியில் நிற்பவரைப் போல, பீமாராவைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

பீமாராவ் எந்தக் கேஸையும் மறுத்துப் பழக்கமில்லாதவர். பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. மூடியைத் திரும்பப் போட்டார்.

“இது கொஞ்சம் பொறுமையாப் பண்ண வேண்டிய கேசும்மா,” என்றார்.

“எவ்ளோ நாளாவும்?”

அவர் வாயைத் திறப்பதற்குள் மோனிகா முந்திக்கொண்டாள்.

“கல்யாணம் முடியட்டும்மா. பேரனுக்குக் காது குத்தறதுக்குள்ள சொல்லிடறோம்.”